முதலில் சட்டையைக் கழற்றுங்கள்

சென்ற வாரமும் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். பருத்திக் காட்டில் காலையிலிருந்து பூச்சிமருந்து அடித்தவர். தெளிப்பான் கசிந்து முதுகு முழுவதும் நனைந்திருந்த அதே சட்டையோடு இரண்டு மணி நேரம் காரில் படுத்து வந்திருந்தார். கண்மணிகள் குண்டூசி முனையாகச் சுருங்கியிருந்தன, வாயில் நுரை. "குடிக்கவே இல்லை டாக்டர், மூக்கில் துண்டு கட்டிக்கொண்டுதான் அடித்தான்" என்றார் உடன் வந்த அண்ணன். அந்தப் பதிலுக்காகவே இதை எழுதுகிறேன்.

பூச்சிக்கொல்லி தேடிய ஆய்வில்தான் 1936 டிசம்பரில் ஜெர்மனியின் வேதியியலாளர் கெர்ஹார்ட் ஷ்ராடர், பின்னாளில் போர் ஆயுதமான தபூன் என்ற நரம்பு நச்சைக் கண்டார். சில வாரங்களில் அவரும் உதவியாளரும் அதற்கு ஆளாகி, கண்மணி சுருங்கி மூச்சுத் திணறினார்கள். 1938இல் அதே வகை நச்சான சாரின் வந்தது. 1954இல் பிரிட்டனில் பூச்சிக்கொல்லியாக விற்கப்பட்ட அமிட்டான், நச்சு மிகுதி என்று திரும்பப் பெறப்பட்டது. அந்த வரிசையிலிருந்து உருவானதே விஎக்ஸ் (VX) என்ற நரம்பு நச்சு. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகளும் இதே குடும்பம்தான். வீரியத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. உடலில் செய்யும் வேலை ஒன்றே, இரண்டுக்கும் நாங்கள் ஏற்றும் மாற்று மருந்தும் அதே அட்ரோபின்தான்.

'விஷ வாயு' என்று எழுதி எழுதியே, மூக்கை மூடினால் போதும் என்ற எண்ணத்தை ஊன்றிவிட்டோம். சாரின் அறை வெப்பத்தில் திரவம், எளிதில் ஆவியாகும். விஎக்ஸ் எண்ணெய் போன்றது, எளிதில் ஆவியாகாது. தோலில் பட்டாலே போதும். 2017 பிப்ரவரி 13 அன்று கோலாலம்பூர் விமான நிலையத்தில் வட கொரியத் தலைவரின் ஒன்றுவிட்ட அண்ணன் கிம் ஜாங் நாமின் முகத்தில் தடவப்பட்டது அதுதான். மருத்துவமனை போய்ச் சேருமுன் இறந்தார். தோல் ஒரு கதவு, நனைந்த துணி அந்தக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. மூக்கில் கட்டிய துண்டும் நனைந்துவிட்டால் அதே கதைதான்.

1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயில்களில் ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக் குழுவினர் சாரின் பைகளைக் குடை நுனியால் குத்திக் கசியவிட்டபோது, பாதிக்கப்பட்டவர்கள் உடுத்திய உடையோடே மருத்துவமனைக்குள் வந்தார்கள்; துணியிலிருந்து எழுந்த ஆவியால் சிகிச்சை அளித்தவர்களுக்கே பார்வை மங்கியது. (எங்கள் செவிலியர்களுக்கும் இப்படித் தலைவலி வந்ததுண்டு, யாரும் பதிவேட்டில் எழுதுவதில்லை.)

1988இல் ஈராக்கின் ஹலப்ஜா நகரில் இரசாயனத் தாக்குதலில் ஆயிரக்கணக்கானோர் மாண்ட பிறகு, 1997 ஏப்ரல் 29 முதல் இரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கை நடைமுறையில் இருக்கிறது. இந்தியா தன் இரசாயன ஆயுத இருப்பை 2009இல் அழித்து முடித்தது. உரக்கடை அலமாரியில் இருப்பதற்கு அந்தத் தடை பொருந்தாது.

ஆகவே, மருந்து மேலே கொட்டினால் முதலில் சட்டையைக் கழற்றுங்கள். தலை வழியே உருவாதீர்கள், கத்தரித்து எடுங்கள். உதவுபவர் ரப்பர் கையுறை அணியட்டும். தலைமுடி, அக்குள், நகக்கண் விடாமல் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். ஆனால் மூச்சுத் திணறுபவரைக் குளிப்பாட்டிக்கொண்டு நேரம் கடத்தாதீர்கள். துணியைக் களைந்து, போர்வை சுற்றி உடனே கொண்டுவாருங்கள். உப்புக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் வேலை வேண்டவே வேண்டாம். புட்டியின் லேபிளைப் படமெடுத்து வாருங்கள், தயவுசெய்து.

தேறி வீடு திரும்பியவரை நான்கு நாட்களாவது கவனியுங்கள். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் தசைகள் தளர்கின்றன என்று பொருள்; விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே அழைத்து வாருங்கள்.