கணக்கில் நாலரை மணி, டிக்கெட்டில் ஒரு நாள்

நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் இருக்கிறது லாங்இயர்பியன் விமான நிலையம், வடக்கு அட்சரேகை 78.25 பாகையில். அலாஸ்காவின் வடகோடியில், 71.3 பாகையில், உட்கியாக்விக். முன்பு பாரோ என்று அழைக்கப்பட்ட ஊர். இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம்?

பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும், உருண்டைப் பூமியைத் தட்டையாக்கி வரைந்த மெர்கேட்டர் உலகப் படத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அதே கோட்டில் பறந்தால் சுமார் 5,000 கி.மீ. உண்மையான குறுக்கு வழி 3,380 கி.மீ.தான். இதற்குப் பெரிய கணிதம் வேண்டாம். இரண்டு ஊர்களின் தீர்க்கரேகைகளும் 172 பாகை விலகியிருக்கின்றன. கிட்டத்தட்ட வட துருவத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும். லாங்இயர்பியனிலிருந்து துருவத்துக்கு 11.75 பாகை, அங்கிருந்து உட்கியாக்விக்குக்கு 18.7 பாகை. கூட்டினால் 30.45. ஒரு பாகைக்கு 111 கி.மீ. என்று பெருக்கிப் பாருங்கள், விடை வந்துவிடும். அந்த வழியில் போகும் விமானம் துருவத்தை 110 கி.மீ. தள்ளிக் கடக்கும். வடக்கு நோக்கிக் கிளம்பி, எங்கும் வளைந்து திரும்பாமலே தெற்கு நோக்கி இறங்கும்!

ஜெட் விமானத்துக்கு மணிக்கு 850 கி.மீ. வேகம் என்றால் நான்கு மணி நேரம். ஏற, இறங்க, ஓடுபாதையில் ஊர்ந்து போக இன்னும் அரை மணி. உள்ளூர் நேரம் பத்து மணி வித்தியாசம் என்பதால், மதியம் 12 மணிக்குப் புறப்பட்டவர் அதே நாள் காலை 6.30-க்குப் போய் இறங்குவார்.

ஏறக்குறைய இதே வழியை எதிர்த்திசையில் பறந்து காட்டியவர்கள் உண்டு. 1928 ஏப்ரலில் ஆஸ்திரேலிய ஆய்வுப் பயணி ஹியூபர்ட் வில்கின்ஸும் விமானி கார்ல் பென் ஐல்சனும் உட்கியாக்விக்குக்கு அருகிலுள்ள பாரோ முனையிலிருந்து ஒற்றை இயந்திர லாக்ஹீட் வேகா விமானத்தில் ஸ்வால்பார்டுக்கு வந்தார்கள். அவர்கள் வழி துருவத்தைச் சற்று ஒதுக்கிச் சென்றது. பறந்த நேரம் 20 மணி 20 நிமிடம். காந்த ஊசி காட்டும் வடக்குத் திசை வழிநெடுக மாறிக்கொண்டே இருந்ததால், வில்கின்ஸ் அடிக்கடி கணக்குப் போட்டுத் திசையைத் திருத்த வேண்டியிருந்தது. கடைசியில் புயலில் சிக்கி ஒரு சிறு தீவில் இறங்கி, ஐந்து நாள் விமானத்துக்குள்ளேயே கிடந்தார்கள்.

இன்று ஏன் இந்த வழியில் விமானச் சேவை இல்லை? முதல் காரணம், ஆள் இல்லை. இரண்டு ஊரையும் சேர்த்தாலே எட்டாயிரம் பேர் தேறாது. அடுத்தது விதிகள். இரட்டை இயந்திர விமானம், ஓர் இயந்திரம் நின்றுபோனாலும் ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவதொரு நிலையத்தை எட்டும்படி பறக்க வேண்டும். அதைத் தாண்ட தனி அனுமதி தேவை. இங்கே வழியின் பெரும்பகுதியில் கீழே கடல் பனிதான். அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமோ 78 பாகைக்கு வடக்கே துருவப் பகுதி என்று வரையறுத்து, எரிபொருள் உறையாமல் காக்கும் திட்டம், தொலைத்தொடர்பு ஏற்பாடு, விமானத்தில் குறைந்தது இரண்டு கடுங்குளிர் உடைகள் என்று கேட்கிறது. லாங்இயர்பியனில் சக்கரம் தரையில் இருக்கும்போதே அந்தப் பகுதிக்குள்தான் நிற்கிறோம்.

ஆகவே பயணி தெற்கே ஆஸ்லோ வரை இறங்கி, கடல் தாண்டி அமெரிக்கா சேர்ந்து, ஆங்கரேஜிலிருந்து மறுபடி வடக்கே ஏற வேண்டும். காத்திருப்பையும் சேர்த்தால் ஒரு நாளுக்கு மேல் ஓடிவிடும்.