வெள்ளை எங்கே போச்சு, டீச்சர்?

தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளி, எட்டாம் வகுப்பு. தொலைநிலையில் பி.எட். படிக்கும் என் மாணவி பாடம் எடுக்கிறார். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிறேன். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிய வைத்த நீரைக் கொண்டுவந்திருந்தார். வகுப்பு முழுக்கக் காட்டப் போதாது என்று அதில் தண்ணீர் சேர்த்து அளவைக் கூட்டினார். ஒரு பாட்டிலில் சமையல் சோடாவையும் எலுமிச்சைச் சாற்றையும் கலந்து, வந்த வாயுவைக் குழாய் வழியே அந்த நீருக்குள் விட்டார். நீர் பால் போல ஆனது. பிள்ளைகள் கை தட்டினார்கள். அவர் திரும்பிக் கரும்பலகையில் சமன்பாட்டை எழுதினார். எழுதி முடித்துத் திரும்புவதற்குள் நீர் மறுபடி தெளிந்துவிட்டது.

“வெள்ளை எங்கே போச்சு, டீச்சர்?” என்று ஒரு பையன் கேட்டான்.

“அப்புறம் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். மணி அடித்ததும் என்னிடம் வந்து, “அந்த வீடியோவை நாலு தடவை பார்த்தேன் மேடம். அதுல இப்படி ஆகவே இல்லை” என்றார். கண் கலங்கியிருந்தது. அந்த வீடியோவை அனுப்பியது நான். நீர் பாலாக மாறியதும் அது முடிந்துவிடும்.

நடந்தது எளிய வேதியியல்தான். கரியமில வாயு சுண்ணாம்பு நீரோடு சேர்ந்து கரையாத கால்சியம் கார்பனேட் ஆகிறது, அதுதான் வெள்ளை. வாயு தொடர்ந்து போனால் அந்தக் கார்பனேட் கரையக்கூடிய பைகார்பனேட்டாக மாறுகிறது, வெள்ளை மறைகிறது. நீர்த்த கரைசலில் இது சீக்கிரம் நடக்கும். தெளிந்த நீரைச் சூடாக்கினால் வெள்ளை திரும்ப வரும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கும் இதே கதைதான். ஒரே ஒரு தடவை தன் கையால் செய்திருந்தால் அந்த மாணவிக்கு இது தெரிந்திருக்கும். அடுத்த வாரம் அதே வகுப்பில் அந்த நீரைச் சூடாக்கிக் காட்டினார்.

இருபது ஆண்டுக்கு மேலாக அறிவியல் ஆசிரியர்களைத் தயார் செய்யும் வேலையில் இருக்கிறேன். அதில் பாதிக் காலம் காரைக்குடியில் தொலைநிலை மாணவர்களுக்கான ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்புகளில் போனது. திருப்பத்தூர், அறந்தாங்கி, புதுக்கோட்டையிலிருந்தெல்லாம் காலை பஸ் பிடித்து வருவார்கள். பலர் ஏற்கெனவே தொடக்கப் பள்ளியில் வேலை பார்ப்பவர்கள். சிலர் கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வருவார்கள். அப்படி வந்தவர்களை உட்கார வைத்து, மாலை வரை நான் குறிப்புகளை வாசித்தேன். வீட்டில் படித்துக்கொள்ளக்கூடியதைச் சொல்லிச் சொல்லி, வீட்டில் செய்ய முடியாததற்கு நேரமில்லாமல் செய்தேன். அது தவறு. பாதி வீடியோவிலும் பாதி நேரிலும் நடத்துவதற்குக் கலப்புக் கற்றல் என்று பேர் வைத்த பிறகும் பல இடங்களில் இதுதான் நடக்கிறது: பாடம் வீடியோவில் ஒரு தடவை, நேரில் இன்னொரு தடவை. கைக்கு மட்டும் வேலையே இல்லை.

இப்போது தலைகீழாக்கிவிட்டோம். விரிவுரை செல்போனில் போகும். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கைவேலை. அதுவும் சரியாக வராத சோதனைகளைத்தான் முதலில் கொடுப்பேன். எலுமிச்சம்பழத்தில் ஒரு செம்புக் கம்பியும் துத்தநாகம் பூசிய ஆணியும் குத்தி எல்இடி விளக்கை எரிய வையுங்கள் என்பேன். எரியாது. ஒரு பழம் ஏறக்குறைய 0.9 வோல்ட்தான் தரும், சிவப்பு எல்இடிக்கே 1.8 வோல்ட் அளவுக்கு வேண்டும். மூன்று நான்கு பழத்தை இணைத்தும் எரியாமல் திணறுவார்கள். ஆணியின் பூச்சு போயிருக்கும், எல்இடியின் கால் மாறியிருக்கும். தேடித் தேடிச் சரிசெய்யும் அந்த அரை மணி நேரம்தான் ஒருவரை அறிவியல் ஆசிரியராக்குகிறது என்று நான் நம்புகிறேன். இத்தனைக்கும் மின்வேதியியலுக்கென்றே 1953-இல் ஓர் ஆய்வகம் திறக்கப்பட்ட ஊர் காரைக்குடி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வரவழைத்தது அது. அந்தச் சுற்றுச்சுவரைத் தாண்டி வகுப்புக்கு வருகிறவர் ஒரு மின்கலத்தைக் கையால் செய்யாமலே பட்டம் வாங்கிப் போகக் கூடாது.

“வீட்டில் லேப் இல்லையே” என்பார்கள். செட்டிநாட்டு வீட்டை விட வேறென்ன லேப் வேண்டும்? கவுனி அரிசியைக் கொஞ்சம் ஊற வையுங்கள். அந்த ஊதா நீரை மூன்று டம்ளரில் பிரித்து, ஒன்றில் எலுமிச்சை விடுங்கள், சிவக்கும். இன்னொன்றில் சுண்ணாம்பு நீர் விடுங்கள், பச்சை கலந்த நிறமாகும். மூன்றாவது ஒப்பிட்டுப் பார்க்க. சுண்ணாம்பு விட்டதை அப்படியே வைத்து மறுநாள் காலையில் பாருங்கள், பழுப்பாகியிருக்கும். ஏன் என்று கேட்டு எழுதி அனுப்பச் சொல்வேன்.

அப்புறம் செட்டிநாட்டு வீட்டுச் சுவர். கடுக்காயும் வெல்லமும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசியது என்று எல்லாரும் சொல்வார்கள். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கிக் கல்லாக இறுகுகிறது என்று சொல்பவர் குறைவு. அந்த மாணவியின் டம்ளரில் வந்த வெள்ளையும் அந்த வீட்டுச் சுவரின் வெள்ளையும் ஒரே வினைதான். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை, தண்ணீரில் ஊற வைத்தே இறுக விடுகிறார்கள். அங்கே நடப்பது சிமென்ட் தண்ணீரோடு புரியும் வினை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பாடக்குறிப்பு எழுதச் சொன்னால், ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவது தானாக நின்றுவிடும்.

திரையை நான் ஒதுக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாததைக் காட்ட அதுதான் சரி. இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் (PhET) என்ற கணினிப் பாவனைச் சோதனைகள் இலவசம், பல தமிழிலும் உண்டு. கம்பிக்குள் மின்னூட்டம் நகர்வதை நான் வரைந்து காட்டுவதை விட அது நன்றாகக் காட்டும். ஆனால் திரையில் கம்பி துருப்பிடிக்காது, அதனால் இரண்டும் வேண்டும்.

தொலைவிலிருந்தே மிக நன்றாகச் செய்ய முடிந்தது நுண்நிலைக் கற்பித்தல். ஆறு நிமிடப் பாடத்தைத் தம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நடத்திப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். நான் குரல் பதிவில் பதில் சொல்வேன். அதில் ஒன்றை மட்டும் எண்ணச் சொல்வேன்: கேள்வி கேட்ட பிறகு எத்தனை விநாடி பொறுத்தீர்கள்? மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் கண்டது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்பது. மூன்று விநாடி பொறுத்தால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது, அவர்களே கேள்வியும் கேட்கிறார்கள். தன் பதிவைத் தானே பார்த்து எண்ணுகிறவர் அடுத்த தடவை பொறுக்கிறார். வகுப்பறையில் வைத்து இதை என்னால் கற்றுக்கொடுக்க முடிந்ததில்லை.

வீட்டில் சோதனை செய்வோருக்குக் கண்டிப்பான வார்த்தை: ஏற்கெனவே தண்ணீரில் நீற்றிய வெற்றிலைச் சுண்ணாம்பு போதும், சூளைச் சுண்ணாம்பு வேண்டாம், தண்ணீர் பட்டால் கொதிக்கும். சுண்ணாம்பு நீர் கண்ணில் படக் கூடாது, குழாயால் உறிஞ்சக் கூடாது. சுவர் பிளக்கிலிருந்து மின்சாரம் எடுக்கவே கூடாது, டார்ச் செல் மட்டும்.

சேர நினைப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும். தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் 2014 விதிமுறைகளின்படி தொலைநிலை பி.எட். எல்லாருக்குமானதல்ல. தொடக்கக் கல்வியில் பயிற்சி பெற்றுப் பணியில் இருப்பவர்களுக்கும், அங்கீகாரம் பெற்ற ஆசிரியர் பயிற்சியை நேரடியாக முடித்தவர்களுக்கும்தான். அந்தக் குழுவின் அங்கீகாரமும், பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விக்கான அனுமதியும் அந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று அவர்களுடைய தளத்திலேயே பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பள்ளிப் பயிற்சிக்குப் போகாமலே கையெழுத்து வாங்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அங்கே சேராதீர்கள். படிப்பு மையத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நேர்முக வகுப்பு நாட்களில் எத்தனை மணி நேரம் சோதனை செய்ய விடுவீர்கள்? பதிலை மணிக் கணக்கில் சொல்லச் சொல்லுங்கள்.