விபத்து அறிக்கையில் 'கவனக்குறைவு' என்று எழுதுவதற்கு முன்

தொழிற்சாலை விபத்து அறிக்கைகளைப் படிப்பதும், அடிபட்ட இடத்துக்குப் போய் மெஷினைப் பார்ப்பதும் என் வேலை. பெரும்பாலான அறிக்கைகளில் காரணம் என்ற கட்டத்தில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்றும், எடுத்த நடவடிக்கை என்ற கட்டத்தில் 'அறிவுரை வழங்கப்பட்டது' என்றும் இருக்கும். அத்தோடு கோப்பை மூடிவிடுவார்கள். கொஞ்ச நாள் கழித்து அதே மெஷினில் வேறொருவருக்கு அடிபடும்.

உலோகத் தகட்டை அடித்து வெட்டும், வளைக்கும் பவர் பிரஸ்ஸை எடுத்துக்கொள்வோம். இரண்டு கையாலும் இரண்டு பட்டன்களை அழுத்தினால்தான் ராம் (மேலிருந்து அடிக்கும் பாகம்) இறங்க வேண்டும், கைகள் பட்டனில் இருக்கும்வரை டைக்குள் (கீழே இருக்கும் அச்சுக்குள்) போகாது என்பது ஏற்பாடு. இப்போது வரும் நல்ல கன்ட்ரோல்களில் இரண்டையும் அரை நொடிக்குள் சேர்த்து அழுத்த வேண்டும், ஒவ்வொரு அடிக்கும் கையை எடுத்துவிட்டு மறுபடி அழுத்த வேண்டும், அதனால் ஒரு பட்டனைக் கட்டிவைத்து ஓட்ட முடியாது. பழைய மெஷின்கள் பலவற்றில் இது கிடையாது. ஒரு பட்டனில் டேப்பைச் சுற்றிவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். ஏன் என்று அதட்டாமல் கேட்டால் ஆபரேட்டர் சொல்லிவிடுவார்: அடித்த பீஸைத் தள்ளிவிடும் ஸ்ட்ரிப்பர் ஸ்பிரிங் தளர்ந்துபோய் அடித்த பீஸ் டையிலேயே ஒட்டிக்கொள்கிறது, ஒவ்வொன்றையும் கையால் தட்டி எடுக்க வேண்டியிருக்கிறது, இரண்டு பட்டனையும் அழுத்திக்கொண்டிருந்தால் ஷிப்ட் டார்கெட் முடியாது, டார்கெட் முடியாவிட்டால் இன்சென்டிவ் கிடையாது. மெயின்டனன்ஸ் நோட்டைப் புரட்டினால் அந்த ஸ்பிரிங் பற்றி முன்பே எழுதியிருக்கும், டையை இறக்க நேரமில்லை என்று தள்ளிப்போட்டிருப்பார்கள். சூப்பர்வைசர் தினமும் அந்த டேப்பைப் பார்த்துக்கொண்டேதான் நடந்திருப்பார். இத்தனையையும் விட்டுவிட்டு, விரலை இழந்தவர்மேல் மட்டும் பழியைப் போடுவது அநியாயம். அப்படிப் போட்டுவிட்டால் ஸ்பிரிங்கையும் யாரும் மாற்றப் போவதில்லை.

முன்பே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று நிர்வாகத்தில் கேட்பார்கள். சரி, சொன்னவருக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். நிரந்தரத் தொழிலாளி சொன்னால் முணுமுணுப்போடு போகும், கான்ட்ராக்ட் தொழிலாளி சொன்னால் மறுநாள் கேட்டுக்குள் விடுவார்களா என்பதே சந்தேகம். ஆபத்தான வேலைகள் அவர் தலையில்தான் அதிகம் விழுகின்றன, பாதுகாப்புக் குழுவிலோ அவருக்கு இடமே இருப்பதில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155-ஆம் உடன்படிக்கை 1981-லேயே இதைப் பேசிவிட்டது: உடனடியான, கடுமையான ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து வேலையிலிருந்து விலகி நிற்கும் தொழிலாளியைப் பழிவாங்கக் கூடாது. 2022-இல் பாதுகாப்பான, ஆரோக்கியமான பணிச்சூழலை வேலை சார்ந்த அடிப்படை உரிமைகளில் ஒன்றாகவும் அந்த அமைப்பு சேர்த்துக்கொண்டது.

வாய் திறக்க முடியாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு வங்கதேசத்தின் ராணா பிளாசாவைவிடக் கொடிய சாட்சி வேண்டாம். 2013 ஏப்ரல் 23 அன்று கட்டடத்தில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளங்களில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேலே இருந்த ஆடைத் தொழிலாளர்கள் மறுநாள் வேலைக்கு வரவழைக்கப்பட்டார்கள், வராவிட்டால் சம்பளம் போய்விடும் என்ற பயத்தில் போனார்கள். அன்று காலையே கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விரிசலை எல்லோரும் பார்த்திருந்தார்கள், உள்ளே போகமாட்டோம் என்று சேர்ந்து சொல்லும் பலம்தான் அவர்களிடம் இல்லை. அதனால்தான் யூனியனைப் பாதுகாப்புக்கு எதிரி மாதிரி பார்க்கும் மேலாளர்களிடம் நான் கடுமையாகவே பேசுகிறேன்.

'விபத்தில்லா நாட்கள்' பலகை எனக்கு ஆகவே ஆகாது, அதுவும் அதற்குப் பரிசு வைத்தார்கள் என்றால் இன்னும் மோசம். மொத்த டிபார்ட்மென்ட்டுக்கும் பரிசு என்றால், விரல் நசுங்கியவர் தன்னால் எல்லோருக்கும் நஷ்டம் என்று கையை மறைத்துக்கொள்வார், அல்லது அவரை ஆபீசில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து 'லீவு எடுக்கவில்லை' என்று கணக்குக் காட்டுவார்கள். பலகையில் எண் ஏறிக்கொண்டே போகும். எண்ணித்தான் ஆக வேண்டும் என்றால், மயிரிழையில் தப்பிய சம்பவங்கள் எத்தனை சொல்லப்பட்டன, அவற்றில் எத்தனை ஒரு வாரத்துக்குள் சரிசெய்யப்பட்டன என்று எண்ணுங்கள்.

அப்புறம், எந்த அறிக்கையிலும் வராத காயம் ஒன்று இருக்கிறது: சத்தத்தால் செவித்திறன் போவது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் (NIOSH) பரிந்துரைப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம்தான் வரம்பு, 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும், அதாவது 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி. கருவி கையில் இல்லையா, கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால் அந்த இடத்தை அளந்தே ஆக வேண்டும். உடனே இயர் பிளக் வாங்கிக் கொடுத்துக் கடமையை முடித்துவிடுகிறார்கள். முதலில் சத்தத்தை அது பிறக்கும் இடத்தில் குறைக்கப் பாருங்கள், மெஷினைச் சுற்றி மறைப்புப் போடுங்கள், பிளக் கடைசிதான். அதையும் விரலால் மெல்லிசாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலே இழுத்து உள்ளே வைத்து, அது விரியும்வரை பிடித்திருக்க வேண்டும் என்று பலருக்கு யாரும் காட்டியதே இல்லை. செவிப் பரிசோதனை செய்தால் முடிவை அந்தத் தொழிலாளியின் கையில் கொடுங்கள், அது அவர் காது.

பாதுகாப்புக் குழுவின் தொழிலாளர் உறுப்பினர்களைத் தொழிலாளர்களே தேர்ந்தெடுக்கட்டும், கான்ட்ராக்ட் ஆட்களும் அதில் இருக்கட்டும். கூட்டக் குறிப்பை ஷாப் ஃப்ளோரில் ஒட்டுங்கள், போன கூட்டத்தில் ஒப்புக்கொண்டதில் எது நடக்கவில்லை என்பதிலிருந்து அடுத்த கூட்டத்தைத் தொடங்குங்கள். விபத்து அறிக்கையில் கையெழுத்துப் போடும் முன் அதை அடிபட்டவருக்கும், அவர் பக்கத்தில் நின்று வேலை செய்தவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். 'இல்லை சார், அப்படி நடக்கவில்லை' என்று அவர்கள் சொன்னால் அதையும் அவர்கள் வார்த்தையிலேயே எழுதிச் சேர்த்துவிட்டு, மறுபடி மெஷின் பக்கம் போங்கள்.