சால்மன் கணக்கு யார் கையில்?

அமெரிக்காவின் வடமேற்கில் ஓடும் கொலம்பியா ஆற்றில், கடலிலிருந்து ஏறக்குறைய 235 கிலோமீட்டர் உள்ளே போனால் பானவில் அணை வரும். 1938-இல் கட்டியது. கடலில் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஓடைக்கே திரும்பும் சால்மன் மீன்கள் ஏறிப்போக அணையின் ஓரமாகத் தண்ணீர்ப் படிக்கட்டு உண்டு. அந்த வழியில் ஓரிடத்தில் கண்ணாடிச் சன்னல் வைத்து, பின்னால் ஒருவர் உட்கார்ந்து கடந்து போகிற மீன்களை இனம் பிரித்து எண்ணுகிறார். மணிக்கு 50 நிமிடம் எண்ணுவார், 10 நிமிடம் ஓய்வு. கிடைத்த எண்ணை 1.2-ஆல் பெருக்கினால் அந்த ஒரு மணி நேரக் கணக்கு தயார்.

ஆக, நாம் பார்க்கும் முதல் எண்ணே ஓரளவு மதிப்பீடுதான். இதிலிருந்து தொடங்கி, எத்தனை மீனைப் பிடிக்கலாம், எத்தனையை முட்டையிட விட வேண்டும் என்பது வரை எல்லாமே ஒரு மதிப்பீட்டின் மேல் இன்னொரு மதிப்பீடாக ஏறிக்கொண்டே போகும். அந்தக் கணக்கைப் போடுவது யார் என்பது இங்கே பழைய சண்டை.

1855-இல் யாகமா, யுமட்டில்லா, வார்ம் ஸ்பிரிங்ஸ், நெஸ் பெர்ஸ் ஆகிய நான்கு பழங்குடித் தரப்புகளோடு அமெரிக்க அரசு ஒப்பந்தங்கள் போட்டது. பெரும் நிலப்பரப்பு அரசுக்குப் போனது; வழக்கமாக மீன்பிடித்து வந்த இடங்களில் தொடர்ந்து பிடிக்கும் உரிமையை அந்த மக்கள் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். நூறு ஆண்டுக்கு மேல் அந்த உரிமை பெரும்பாலும் காகிதத்தில்தான் இருந்தது. அவர்களுடைய மிகப் பெரிய மீன்பிடித் தலமான செலைலோ அருவி 1957-இல் டால்ஸ் அணையின் நீரில் மூழ்கியது. அப்புறம் வழக்குகள். 1969-இல் நீதிபதி பெல்லோனி, பழங்குடிகளுக்கு நியாயமான பங்கு உண்டு என்றார். 1974-இல் வாஷிங்டன் மாநில வழக்கில் நீதிபதி போல்ட், அந்தப் பங்கு பாதி என்றார். 1979-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் பெரும்பாலும் உறுதி செய்தது.

பாதி சரி, எதில் பாதி? இனப்பெருக்கத்துக்கு விட வேண்டியது போக, பிடிக்கத் தகுந்த மீன் எத்தனையோ அதில் பாதி. அந்த எண் தெரியாமல் பாதியைப் பிரிக்க முடியாது. எண்ணும் வேலையோ வெகுகாலம் மாநில, மத்திய அரசு அலுவலகங்கள் கையில்தான் இருந்தது. 1977-இல் நான்கு பழங்குடிகளும் சேர்ந்து கொலம்பியா ஆற்றுப் பழங்குடிகள் மீன்வள ஆணையத்தை அமைத்தபோது, தங்கள் பக்கத்திலும் உயிரியலாளர்கள் இருக்க வேண்டும் என்பது முக்கியமான நோக்கம். இன்று ஒவ்வொரு பழங்குடி அரசிடமும் சொந்த மீன்வளத் துறை இருக்கிறது.

அந்தத் துறைகளின் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? முட்டையிடும் காலத்தில் ஓடை ஓடையாக நடக்கிறார்கள். பெண் சால்மன் வாலால் கூழாங்கற்களைக் கிளறிக் குழி பறித்து முட்டையிடும். பாசி படிந்த கற்களுக்கு நடுவே வெளுத்துத் தெரியும் அந்தக் குழிகளை எண்ண வேண்டும். முட்டையிட்டதும் செத்துவிடும் மீன்களின் நீளத்தை அளந்து, வயது பார்க்கச் செதில் எடுத்து, அதே உடலை மறுபடி எண்ணிவிடாமல் இருக்க வாலை வெட்டிப் போடுவார்கள். பிறகு, ஒரு குழிக்கு இத்தனை மீன் என்று பெருக்குவார்கள். அந்தப் பெருக்கும் எண் ஆற்றுக்கு ஆறு மாறும்.

இதெல்லாம் எக்செல் கோப்புக்குள் போகும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கிறது. ஒரு கட்டத்தில் 0 என்று இருந்தால், போய்ப் பார்த்தோம், குழி எதுவும் இல்லை என்று பொருள். கட்டம் காலியாக இருந்தால், அந்த வாரம் வெள்ளம், போகவே முடியவில்லை என்று பொருள். கோப்பைத் தயாரித்தவருக்கு இது தெரியும். ஐந்து ஆண்டு கழித்து அதைத் திறக்கும் இன்னொருவர் காலிக் கட்டங்களை எல்லாம் 0 என்று நிரப்பிவிட்டால், வெள்ளம் வந்த ஆண்டுகளில் எல்லாம் மீன் அழிந்து போனதாக ஒரு வரைபடம் பிறந்துவிடும். எந்தச் சூத்திரமும் இந்தத் தவறைக் கண்டுபிடிக்காது. கோப்போடு சேர்த்து, யார், எங்கே, எந்த முறையில், எத்தனை தரம் போய்ப் பார்த்தார்கள் என்ற குறிப்பும் இருந்தால்தான் பிடிபடும். தரவைப் பற்றிய தரவு என்று சொல்வது இதைத்தான்.

இன்னொரு உதாரணம், ‘ஜாக்’. கடலில் ஒரே ஆண்டு இருந்துவிட்டுச் சீக்கிரம் திரும்பிவிடும் சின்ன ஆண் சினூக் (சால்மனில் ஒரு வகை) மீனுக்கு அந்தப் பெயர். இந்த ஆண்டு எத்தனை ஜாக் வந்தது என்பதை வைத்து அடுத்த ஆண்டு பெரிய மீன் எவ்வளவு வரும் என்று முன்கணிப்பார்கள். ஒரே ஆண்டில் பிறந்த கூட்டம்தானே இரண்டும். சரி, எவ்வளவு நீளம் வரை ஜாக்? அணைச் சன்னலில் எண்ணும்போது 22 அங்குலத்துக்குள். இடாஹோ மாநிலத்தின் மீன்பிடி விதியில் 24 அங்குலத்துக்குள். ஆக, 23 அங்குல மீன் அணையில் பெரியது, தூண்டிலில் சிறியது. தப்பு என்று யாரையும் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு பட்டியலையும் அப்படியே ஒட்டினால் கணக்கு இடறும்.

தரவைப் பகிர்வது ஏன் இவ்வளவு முக்கியம் என்பது ஸ்னேக் ஆற்றின் கதையில் நன்றாகத் தெரியும். கொலம்பியாவில் வந்து சேரும் பெரிய துணை ஆறு இது. 1990-இல் லோயர் கிரானிட் அணையைக் கடந்த, இயற்கையாகப் பிறந்த, இலையுதிர்காலத்தில் ஆறு ஏறும் சினூக் வெறும் 78 என்று கணக்கிட்டார்கள். 1992-இல் அது அழியும் அபாயத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. பொரிப்பகத்தில் (முட்டையைச் செயற்கையாகப் பொரித்துக் குஞ்சு வளர்க்கும் இடம்) வளர்ந்த குஞ்சுகளை மேல் ஓடைகளில் விட்டு இனத்தை மீட்க வேண்டும் என்று நெஸ் பெர்ஸ் மக்கள் விடாமல் வாதாடினார்கள், செய்தும் காட்டினார்கள். 2014-இல் அதே அணையைச் சுமார் 60 ஆயிரம் கடந்தன. இதில் எத்தனை ஆற்றில் பிறந்தது, எத்தனை பொரிப்பகத்தில் பிறந்தது? இனம் மீண்டதா இல்லையா என்பது இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

வழக்கமான வழி, பொரிப்பகக் குஞ்சின் முதுகில் வாலுக்கு அருகே உள்ள சின்னக் கொழுப்புத் துடுப்பை வெட்டிவிடுவது. துடுப்பு இல்லாத மீன் பொரிப்பக மீன், பிடித்துக்கொள்ளலாம் என்று பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களுக்கு விதி. எல்லாக் குஞ்சுக்கும் இப்படி வெட்டுவதைப் பழங்குடிகள் ஏற்கவில்லை. ஓடைக்குத் திரும்பி முட்டையிடத்தான் அந்தக் குஞ்சுகளை விடுகிறார்கள். வழியிலேயே பிடிபட்டால் விட்டதற்கு என்ன பயன்? எனக்கு இந்த வாதம் நியாயமாகவே படுகிறது. ஆனால் துடுப்போடு இருக்கும் மீனைக் கண்ணால் பார்த்துப் பிறப்பைச் சொல்ல முடியாது.

இதற்கு ஒரு அழகான தீர்வு மரபணுவில் கிடைத்தது. குஞ்சுக்குக் குறி வைக்கத் தேவையில்லை, பெற்றோரைத் தெரிந்தால் போதும். பொரிப்பகத்தில் முட்டை எடுக்கும் தாய் மீன், விந்து எடுக்கும் தந்தை மீன் ஒவ்வொன்றின் துடுப்பிலிருந்தும் சிறு துணுக்கு வெட்டி, டிஎன்ஏவில் குறிப்பிட்ட சில நூறு இடங்களில் எந்த எழுத்து இருக்கிறது என்று பார்த்துப் பதிவு செய்கிறார்கள். சில ஆண்டு கழித்துத் திரும்பும் மீனிடமும் ஒரு துணுக்கு எடுத்துப் பொருத்திப் பார்த்தால், எந்தப் பொரிப்பகம், எந்த ஆண்டு, எந்த ஜோடி என்பது வரை தெரிந்துவிடும். சில ஆயிரம் பெற்றோரைப் பதிந்தால் பல லட்சம் குஞ்சுகளுக்கும் குறி வைத்த மாதிரி. ஸ்னேக் ஆற்றில் 2008 வாக்கில் இது தொடங்கியது. பழங்குடிகள் ஆணையம் ஹேகர்மனில் நடத்தும் ஆய்வகமும் இடாஹோ மாநிலத்தின் ஈகிள் ஆய்வகமும் சேர்ந்து செய்கின்றன.

ஆனால் இந்த முறை வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. ஒரு பொரிப்பகம் தன் பெற்றோர்ப் பட்டியலைத் தரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் குஞ்சுகள் திரும்பும்போது எதோடும் பொருந்தாது. பொருந்தாத மீன் இயற்கையாகப் பிறந்ததாகவே எண்ணப்படும். ஒருவர் பட்டியலை மூடிவைத்தால், எல்லோருடைய கணக்கிலும் இயற்கை மீன் போலியாகப் பெருகிவிடும். இரண்டு ஆய்வகமும் ஒரே டிஎன்ஏ இடங்களைப் படிக்க வேண்டும், மாதிரிக்கு ஒரே விதமாகப் பெயர் வைக்க வேண்டும், முடிவை ஒரே தளத்தில் போட வேண்டும். அறிவியலில் பாதி வேலை இந்தப் பேச்சுவார்த்தைதான்.

இது நன்றாக நடக்கும் இன்னொரு இடம், மீனின் உடலுக்குள் வைக்கும் மின்குறிச் சில்லு. அரிசி மணி அளவு, சுமார் 12 மில்லிமீட்டர் கண்ணாடிக் குப்பி, பேட்டரி கிடையாது. அணையில் உள்ள ஆன்டெனாவின் 134.2 கிலோஹெர்ட்ஸ் காந்தப் புலத்தில் நுழைந்ததும் அதிலிருந்தே மின்சாரம் எடுத்துத் தன் எண்ணைச் சொல்லும். சில்லைப் பொருத்தியது பழங்குடித் துறையோ மாநிலமோ, எண் போய்ச் சேர்வது ஒரே பொதுத் தரவுத்தளத்தில். முதலிலிருந்தே எல்லோரும் ஒரே வடிவத்துக்கு ஒப்புக்கொண்டதால் அங்கே சிக்கல் குறைவு. முட்டைக்குழிக் கணக்குக்கு அப்படி ஒரு தொடக்கம் அமையவில்லை. ஒவ்வொரு அலுவலகமும் தன் வழியில் எழுதியது.

அதைச் சரிசெய்யத்தான் இப்போதைய முயற்சிகள். யுமட்டில்லா மக்களின் மீன்வளத் துறை தனக்கென ஒரு மையத் தரவு மேலாண்மை மென்பொருளை உருவாக்கியது. நெஸ் பெர்ஸ் துறையும் அதையே எடுத்துப் பயன்படுத்துகிறது. இப்படிப்பட்ட மென்பொருள், எழுதும்போதே ஆற்றின் பெயரைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்லலாம், காலியா 0-வா என்று கேட்கலாம். இன்னொரு பக்கம், இயற்கையாகப் பிறந்து முட்டையிட வந்த மீன் எத்தனை, கடலுக்குப் போன குஞ்சுகளில் எத்தனை சதவீதம் திரும்பியது போன்ற சில முக்கிய எண்களை மட்டும் ஒரே வடிவில் மாற்றிக்கொள்ள மாநிலங்களும் பழங்குடிகளும் சேர்ந்து ஒரு பொது வரையறை வைத்திருக்கிறார்கள். மூலக் குறிப்புகள் அவரவர் வீட்டில் இருக்கும்; கணக்கிட்ட எண்ணும் அதைக் கணக்கிட்ட முறையும் வெளியே போகும்.

எல்லாவற்றையும் திறந்து போடு என்று சொல்வது சுலபம். ஆனால் மீன்பிடி இடங்களின் துல்லியமான வரைபடம், பெரியவர்கள் சொன்ன ஓடைப் பெயர்கள், சடங்குக்காகப் பிடித்த மீன் பற்றிய குறிப்பு எல்லாம் அதே கோப்புகளில் கலந்து கிடக்கலாம். எதைப் பகிர்வது, எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யும் உரிமை அந்த மக்களுக்கே என்பதைத்தான் 2019-இல் வெளியான, பழங்குடித் தரவுக்கான ‘கேர்’ கொள்கைகள் சொல்கின்றன. அந்த முடிவைச் செயல்படுத்த, எந்த நெடுவரிசையைக் காட்டலாம், எதை மறைக்கலாம் என்று உள்ளே தெரிந்த ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவர்தான் தரவுப் பொறுப்பாளர். உயிரியலாளருக்கும் கணினிக்காரருக்கும் நடுவில் உட்கார்ந்து, கோப்பைச் சுத்தம் செய்து, குறிப்பு எழுதி, பொதுத் தளத்துக்கு அனுப்புகிற வேலை. பழங்குடிகளின் திறனை வளர்ப்பது என்று திட்ட அறிக்கைகளில் வருவதை அவிழ்த்துப் பார்த்தால், உள்ளே பெரும்பாலும் இந்த ஆளுக்கான சம்பளமும் பயிற்சியும்தான் இருக்கும். பணம் வருவது, அணைகளின் மின்சாரத்தை விற்கும் மத்திய அரசு அமைப்பான பானவில் மின்சார நிர்வாகத்திடமிருந்து: அணைகளால் மீன் பட்ட பாட்டுக்கு ஈடு செய்ய வேண்டும் என்று 1980-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டுப்படுத்துகிறது. 2008-இல் யாகமா, யுமட்டில்லா, வார்ம் ஸ்பிரிங்ஸ் தரப்புகள் அந்த நிர்வாகத்தோடு பத்தாண்டு உடன்படிக்கை போட்டன. நெஸ் பெர்ஸ் கையெழுத்திடவில்லை. பழங்குடிகளுக்கு இடையே தரவைப் பகிர்வதற்கென்றே ஒரு திட்டமும் அந்த உடன்படிக்கையின் பணத்தில் நடந்தது. பிறந்த மீன் முட்டையிடத் திரும்ப நான்கைந்து ஆண்டு ஆகும். ஒரு போக்கு இருக்கிறது என்று சொல்ல இரண்டு மூன்று தலைமுறை மீன் வேண்டும். பத்தாண்டு உடன்படிக்கை அதற்கு ஒட்டியும் ஒட்டாமலும் போதும். பொறுப்பாளரின் பணி ஒப்பந்தமோ பல இடங்களில் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது.