வாட்டர்மில்: நீராலையா, நீர்த்திரிகையா?

ஆற்று நீரின் விசையால் கல்லைச் சுழற்றித் தானியம் அரைக்கும் இடம்தான் வாட்டர்மில். லத்தீனில் 'மோலா' என்றால் அரைகல். அதிலிருந்து 'மொலீனா' வந்தது. அது பழைய ஆங்கிலத்தில் 'மைலென்' ஆகி, பிறகு 'மில்' என்று சுருங்கியது. கடைவாய்ப் பல்லுக்கு ஆங்கிலத்தில் 'மோலார்' என்று பெயர் வந்ததும் இதே வேரிலிருந்துதான்.

இங்கிலாந்தில் 1086-இல் எடுத்த டோம்ஸ்டே என்ற நிலச் சொத்துக் கணக்கெடுப்பில் சுமார் 6,000 மில்கள் இருக்கின்றன. காற்றாலை அங்கே எட்டிப் பார்க்க இன்னும் நூறு ஆண்டு இருந்தது. ஆகவே இவை பெரும்பாலும் நீரில் ஓடியவை. சில மில்கள் குத்தகையை விலாங்கு மீனாகவே அளந்திருக்கின்றன!

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஸ்டூர் ஆற்றங்கரையில் உள்ள ஃபிளாட்ஃபோர்ட் மில்லை எடுத்துக்கொள்வோம். செங்கல் கட்டடம், 1733-ஐச் சேர்ந்தது. ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் அப்பா கோல்டிங் கான்ஸ்டபிள் அதை நடத்தினார். அரைத்த மாவு படகில் மிஸ்ட்லி துறைக்குப் போய், அங்கிருந்து லண்டன் சேரும். மில்லை ஒட்டியே பண்ணை வீடுகள். 1821-இல் கான்ஸ்டபிள் முடித்த 'தி ஹே வெய்ன்' (வைக்கோல் வண்டி) ஓவியத்தில் இடப்பக்கம் நிற்பது அவற்றில் ஒன்று, வில்லி லாட் என்ற விவசாயியின் வீடு. வைக்கோல் வண்டி இறங்கி நிற்கும் தண்ணீர் மில்லை ஒட்டிய நீர்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'நீராலை' என்று எழுதுகிறார்கள். பிழையில்லை. ஆனால் பட்டினப்பாலை 'கார்க்கரும்பின் கமழாலை' என்னும்போது ஆலை என்பது கரும்பு பிழியும் இடம். இன்று பஞ்சாலை, சர்க்கரை ஆலை என்று எல்லாத் தொழிற்கூடத்துக்கும் அது பொதுவாகிவிட்டது. அரைப்பதற்கென்றே நம்மிடம் தனிச்சொல் இருக்கிறது: திரிகை. 'திரி' என்றால் சுழல். கீழ்க்கல் அசையாது, மேல்கல் சுற்றும், நடுக்குழியில் போட்ட தானியம் மாவாகி ஓரமாக உதிரும். வாட்டர்மில்லுக்குள் நடப்பதும் அச்சு அசலாக இதுதான். கைக்குப் பதில் நீர்ச்சக்கரம் சுற்றுகிறது. நிமிர்ந்து நிற்கும் சக்கரத்தின் சுழற்சியைப் பல்சக்கரங்கள் படுத்திருக்கும் கல்லுக்கு மாற்றித் தருகின்றன, அவ்வளவே. ஆகவே என் தேர்வு 'நீர்த்திரிகை'. வீடும் வயலும் களஞ்சியமும் சேர்ந்த மொத்த இடத்தைச் சொல்ல வேண்டுமானால் 'திரிகைப் பண்ணை' என்று தயங்காமல் எழுதலாம்.