ஆஸ்பெக்ட் ரேஷியோ: காட்சி விகிதம்

மினிடிவி (MiniDV) எனும் சிறு வீடியோ கேசட்டிலிருந்து கணினிக்கு ஏற்றிய பழைய மலைரயில் படங்களில் எஞ்சின் சக்கரம் முட்டை வடிவத்தில் சுழலும், பிளாட்பாரத்தில் நிற்பவர்கள் ஒடிசலாக, நெட்டையாகத் தெரிவார்கள். ஊட்டி, குன்னூர் ஸ்டூடியோக்களில் இதற்கு “சைஸ் மாத்திக் குடுங்க” என்று கேட்பது வழக்கம். கேட்டவரும் செய்பவரும் அதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டால் படம் மறுபடி சுருக்கப்பட்டு (கம்ப்ரஸ் ஆகி), இருக்கிற தெளிவும் போகும். கெட்டது காட்சி விகிதம், அதாவது திரையில் தெரியும் படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் மட்டுமே.

ஆஸ்பெக்ட் என்பதன் வேர் இலத்தீன். நோக்குதல், தோற்றம் என்று பொருள். ரேஷியோவும் இலத்தீன்தான்: கணக்கு. விமான இறக்கையின் நீள அகல விகிதத்துக்கும் இதே பெயர் உண்டு. ‘தோற்ற விகிதம்’ என்பது நேர்ப்பெயர்ப்பு, பிழையில்லை. ஆனால் வீடியோவில் இரண்டு விகிதங்கள் இருப்பதால் முழுப் படத்துக்குக் ‘காட்சி விகிதம்’, ஒரு படப்புள்ளியின் அகல உயரத்துக்குப் ‘புள்ளி விகிதம்’ என்று பிரித்துச் சொல்வதே வேலைக்கு உதவும். ‘அளவு’ வேண்டாம். எம்பி, படப்புள்ளி எண்ணிக்கை, திரையின் அங்குலம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

நம் நாட்டு பால் (PAL) டிவி முறையில் பதிந்த மினிடிவியில் ஒரு சட்டகம் 720×576 புள்ளிகள். வகுத்தால் 5:4. அது பழைய டிவியின் 4:3-ம் இல்லை, அகலத்திரையின் 16:9-ம் இல்லை. ஆகவே புள்ளியே சதுரமில்லை. 4:3 படத்துக்குப் புள்ளி விகிதம் 16:15, விரித்தால் 768×576. அகலத்திரைக்கு 64:45, விரித்தால் 1024×576. கோப்பில் இந்த விகிதத்தைச் சொல்லும் குறிப்பு தொலைந்தால் பிளேயர் எல்லாப் புள்ளியையும் சதுரமாக எடுத்துக்கொள்ளும். 4:3-ல் வித்தியாசம் சிறிது, பலர் கண்ணுக்குப் படாது. 16:9-ல் உடனே தெரியும். எது சரி என்ற ஐயம் வந்தால், நேர் பக்கவாட்டில் எடுத்த சக்கரத்தைத் திரையில் ஸ்கேல் வைத்துக் குறுக்கும் நெடுக்கும் அளக்கலாம்.

அகலத்திரைப் படத்தின் கோப்பு எம்கேவி (MKV) வகை என்றால் எம்கேவிடூல்நிக்ஸ் (MKVToolNix) மென்பொருளின் ஹெடர் எடிட்டரில் திறந்து, வீடியோ ட்ராக்கின் டிஸ்ப்ளே அகலம் 1024, உயரம் 576 என்று எழுதிச் சேமித்தால் சில நொடியில் முடிந்தது. பக்கத்திலேயே பிக்சல் அகலம் 720 என்று இருக்கும், அதைத் தொடக்கூடாது. ஏவிஐ-யில் இந்தக் குறிப்புக்கு நம்பகமான இடமில்லை, முதலில் எம்கேவிக்கு மாற்றிக்கொள்வது நல்லது. எம்பி4-க்கு எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) மென்பொருளில் ‘ஆஸ்பெக்ட்’ 16:9 என்பதோடு, படத்தை அப்படியே நகலெடுக்கச் சொல்லும் ‘காப்பி’யையும் சேர்க்க வேண்டும். காப்பி விடுபட்டால் அது கேட்காமலே மறுபடி சுருக்கத் தொடங்கிவிடும். புதுக் கோப்பாக எழுதுவதால் மூலத்தின் அளவுக்கு வட்டில் இடமும் தேவை. ஒரு மணி நேரக் கேசட்டின் மூலப் பதிவு சுமார் 13 ஜிபி.

கணினியில் சரியாகத் தெரிந்த படம் டிவியில் மறுபடி ஒடுங்கினால், குறிப்பு இரண்டு இடத்தில் முரண்படுகிறது என்று பொருள். ஒன்று கோப்பின் உறையில் (எம்கேவி, எம்பி4 போன்ற கன்டெய்னர்), மற்றொன்று உள்ளே ஓடும் வீடியோவில். சில கருவிகள் உறையைப் படிக்கும், சில உள்ளே பார்க்கும். எச்.264 முறையில் சுருக்கிய அகலத்திரைப் படம் என்றால் எஃப்எஃப்எம்பெக்கின் மெட்டாடேட்டா ஃபில்டரால் உள்ளேயும் 64:45 எழுதிவிடலாம். அதற்கும் மறுசுருக்கம் வேண்டாம்.

படத்தோடு பதிந்துபோன கருப்புப் பட்டையை எடுப்பதும், வாட்ஸ்அப்பில் அனுப்ப எம்பியைக் குறைப்பதும் இந்த வழியில் நடக்காது. அவற்றுக்கு மறுசுருக்கம்தான்.