தானாக ஓடும் கட்டளைக்கு ஒரு வேகத்தடை

லினக்ஸ் சர்வரில் ஒரு சேவை விழுந்தால் அதை எழுப்பிவிட ஆள் வேண்டியதில்லை. சேவையை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் யூனிட் ஃபைலில் 'ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர்' என்று ஒரு வரி இருந்தால், சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த நிரலின் அமைப்புகளை எழுதிவைக்கும் கான்ஃபிக் ஃபைலில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் எத்தனை முறை எழுப்பினாலும் அந்தச் சேவை விழத்தான் போகிறது. மனிதன் மூன்றாவது தடவையில் அலுத்துப்போய், நடந்ததெல்லாம் பதிவாகும் லாகைத் திறந்து பார்ப்பான். நிரலுக்கு அலுப்பு கிடையாது. எண்ணைக் கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும்.

சிஸ்டம்டியில் அதற்கு இரண்டு எண்கள் உண்டு. ஸ்டார்ட்லிமிட்இன்டர்வல்செக் என்பது கால அளவு, ஸ்டார்ட்லிமிட்பர்ஸ்ட் என்பது அதற்குள் அனுமதிக்கும் தொடக்கங்கள். நாம் எதையும் மாற்றாவிட்டால் 10 விநாடிக்கு 5 தடவை. ஆறாவது தடவை மறுக்கப்பட்டு, சேவை 'ஃபெயில்டு' என்று நிற்கும். 'ஸ்டார்ட் ரிக்வெஸ்ட் ரிபீட்டட் டூ குவிக்லி' என்ற வரி லாகில் விழும். ஒவ்வொரு மறுதொடக்கத்துக்கும் முன் காத்திருக்கும் நேரம், அதாவது ரீஸ்டார்ட்செக், இயல்பாக 100 மில்லிவிநாடிதான். எழுந்த கணமே விழும் சேவை என்றால் ஒரு விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

மெதுவாக விழும் சேவையில்தான் வம்பு. டேட்டாபேஸுக்காக 3 விநாடி காத்திருந்துவிட்டுச் சாகும் நிரலை எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 3.1 விநாடி. 0, 3.1, 6.2, 9.3 என்று 10 விநாடிக்குள் நான்கே தொடக்கங்கள். ஐந்தைத் தாண்டவே தாண்டாது, ஆகவே வரம்பும் வேலை செய்யாது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 27,900 தடவை எழுந்து விழும். 'கொஞ்சம் நிதானமாக எழுப்பட்டும்' என்று நல்லெண்ணத்தோடு ரீஸ்டார்ட்செக்கை 5 விநாடி ஆக்குவோரும் இதே குழியில்தான் விழுகிறார்கள். வேகத்தைக் குறைத்தார்கள், கூடவே வரம்பையும் செயலிழக்கச் செய்துவிட்டார்கள்.

கணக்கு எளியது. விழ எடுக்கும் நேரத்தையும் ரீஸ்டார்ட்செக்கையும் கூட்டி, பர்ஸ்ட் எண்ணால் பெருக்க வேண்டும். கால அளவு அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். 3 விநாடியும் 5 விநாடியும் சேர்ந்து 8. ஐந்து மடங்கு 40. கால அளவை 60 விநாடி வைத்தால் ஆறாவது முயற்சி பிடிபடும். இந்த ஸ்டார்ட்லிமிட்இன்டர்வல்செக் வரியை யூனிட் ஃபைலின் 'யூனிட்' பகுதியில் எழுத வேண்டும். பழைய குறிப்புகளைப் பார்த்து 'சர்வீஸ்' பகுதியில் எழுதினால் 'தெரியாத பெயர்' என்று லாகில் முணுமுணுத்துவிட்டு அதை விட்டுவிடும். சேவை மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். 2016-இல் இடம் மாறியது, பலர் இன்னும் கவனிக்கவில்லை.

இன்னொன்று: நாம் கையால் தட்டும் ஸ்டார்ட்டும் இந்தக் கணக்கில் சேரும். பிழையைத் திருத்திவிட்டு உடனே தொடங்கினால், திருத்தம் சரியாக இருந்தும் மறுப்பு வரலாம். 'சிஸ்டம்சிடிஎல் ரீசெட்-ஃபெயில்டு' என்ற கட்டளையைச் சேவையின் பெயரோடு கொடுத்தால் எண்ணிக்கை பூஜ்யமாகிவிடும்.

குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானுக்கு இந்த அக்கறை எதுவும் இல்லை. நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடச் சொன்னால், போன நிமிடத்து வேலை முடிந்ததா என்று பார்க்காமல் அடுத்ததைத் தொடங்கும். 90 விநாடி எடுக்கும் பேக்கப் என்றால் எப்போதும் ஒன்றோ இரண்டோ ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஓடும். அதனால் டிஸ்க் திணறும், திணறியதால் வேலை இன்னும் நீளும். ஒரு ஃபைலைப் பூட்டிக்கொண்டு கட்டளையை ஓட்டும் 'எஃப்லாக் -என்' என்பதை முன்னால் சேர்த்தால், பூட்டு கிடைக்காதபோது அது பேசாமல் விலகிக்கொள்ளும். பிராசஸ் எண்ணை ஃபைலில் எழுதிவைத்துப் பூட்டுவதைவிட இது மேல்: நிரல் பாதியில் செத்தாலும் லினக்ஸின் மையமான கெர்னலே பூட்டை விடுவித்துவிடும்.

எஃப்லாக் தடுப்பது ஒரே நேரத்தில் இரண்டு ஓடுவதை மட்டுமே. 'மணிக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம்' என்றால், கடைசியாக ஓடிய நேரத்தைக் குறிக்க ஒரு ஃபைலை டச் செய்து, அதாவது அதன் நேரமுத்திரையைப் புதுப்பித்து, அடுத்த தடவை அதன் வயதைப் பார்ப்பார்கள். இங்கே பலர் செய்யும் தவறு, கட்டளை வெற்றியடைந்த பிறகு மட்டும் டச் செய்வது. தோற்கும்போது முத்திரை விழாததால் ஒவ்வொரு நிமிடமும் மறுபடி ஓடும். கடிவாளம் தேவைப்படுவதே தோல்வியின்போதுதான்! முயற்சிக்கு ஒரு ஃபைல், வெற்றிக்கு ஒரு ஃபைல் என்று பிரித்துவைத்து, வரம்பை முயற்சி ஃபைலைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் போட்டுப் பல சர்வர்களில் ஓட்டும் குபெர்னெட்டிஸின் வழி வேறு. விழுந்த கன்டெய்னரை 10 விநாடி, 20, 40 என்று இரட்டித்துக்கொண்டே போய், 5 நிமிடத்துக்கு மேல் கூட்டாமல் எழுப்பும். முயற்சியைக் கைவிடுவதில்லை. டேட்டாபேஸ் அரை மணி நேரம் கழித்து வந்தாலும் சேவை தானாகத் தேறிவிடும் என்பதால், வெளியிலிருந்து வரும் கோளாறுகளுக்கு இதுவே பொருத்தம். சிஸ்டம்டியிலும் 254-ஆம் பதிப்பு முதல் ரீஸ்டார்ட்ஸ்டெப்ஸ், ரீஸ்டார்ட்மேக்ஸ்டிலேசெக் ஆகிய இரண்டையும் சேர்த்து வைத்து இடைவெளியைப் படிப்படியாகக் கூட்டலாம்.

நூறு சர்வர்கள் என்றால் எல்லாம் சரியாக நள்ளிரவு 12-க்கு ஒரே களஞ்சியத்தின் கதவைத் தட்டக்கூடாது. சிஸ்டம்டியின் டைமரில், தொடக்கத்தை ஏதோ ஒரு நேரம் தள்ளிப்போடும் ரேண்டமைஸ்டுடிலேசெக்கை 30 நிமிடம் வைத்தால் சிதறிவிடும்.

வைத்த வரம்பு பிடிக்கிறதா என்று பார்க்க, சோதனைச் சேவை ஒன்றில் 3 விநாடி தூங்கிவிட்டுப் பிழையோடு வெளியேறும் ஷெல் கட்டளையைப் போட்டு, மேலே சொன்ன எண்களோடு ஓடவிடலாம். ஒரு நிமிடம் கழித்து, சிஸ்டம்டி எத்தனை தடவை மறுதொடக்கம் செய்தது என்று சொல்லும் 'என்ரீஸ்டார்ட்ஸ்' மதிப்பைப் பார்க்க வேண்டும். 5-இல் நின்றிருந்தால் பிடித்துவிட்டது. ஏறிக்கொண்டே போனால் முதலில் அந்த வரி எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பாருங்கள்.